கொங்கு நாட்டில் கம்ப்ரசர் சத்தம் அடங்கிய வரலாறு

காற்றையோ குளிர்வாயுவையோ அழுத்தித் தரும் கம்ப்ரசரில் சத்தம் மூன்று வழிகளில் பிறக்கிறது. வாயு விட்டுவிட்டு உள்ளே இழுக்கப்பட்டு, விட்டுவிட்டு வெளியே தள்ளப்படுவதால் எழும் துடிப்பு ஒன்று. பிஸ்டன், கிராங்க், வால்வுத் தகடு, பேரிங் ஆகியவை தட்டுவதாலும் உராய்வதாலும் வருவது இரண்டாவது. மோட்டாரின் இரும்புக் கருவை மின்காந்தம் இழுத்து இழுத்து விடுவதால் வரும் ரீங்காரம் மூன்றாவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நொடிக்கு 100 முறை. பிறந்த சத்தம் இயந்திரத்தின் உடல் வழியாகக் குழாய்க்கும் தரைக்கும் சுவருக்கும் ஏறி, அவற்றையும் அதிரவைக்கிறது. ஆகவே சத்தத்தைக் குறைப்பது என்றால் பிறக்கும் இடத்தில் குறைப்பது, போகும் வழியில் தடுப்பது என இரண்டு வேலை.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் வட்டாரத்தில் கம்ப்ரசர் பல வேலைகளுக்கு வந்தது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரேற்ற, பஞ்சாலைக்குக் காற்று தர, பாறையைத் துளைக்க, பாலைக் குளிர்விக்க, வீட்டில் ஃப்ரிட்ஜை ஓட்ட எனத் தனித்தனியாக வந்த இந்த இயந்திரங்களின் வரலாற்றில் ஒரு பொது இழை உண்டு. காதுக்காக மட்டுமே எடுத்த முயற்சி குறைவு. மின்சாரச் செலவு, தேய்மானம், நீர்மட்டம் என்று வேறு காரணங்களுக்காகச் செய்த மாற்றங்களோடு சத்தமும் சேர்ந்து குறைந்தது. அந்த லாபம் இல்லாத இடங்களில் சத்தம் நெடுநாள் நீடித்தது.

அளவைப் பற்றி ஒரு குறிப்பு. ஒலியை டெசிபலில் அளக்கிறார்கள். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் ஏறக்குறைய இரு மடங்கு. 10 டெசிபல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு, ஆனால் காதுக்கு அது இரு மடங்காகத்தான் தோன்றும். எனவே 90 டெசிபலில் ஓடும் இயந்திரத்தை 80க்குக் கொண்டுவர வேண்டுமானால் ஒலி ஆற்றலில் பத்தில் ஒன்பது பங்கைத் தடுத்தாக வேண்டும்.

வார்ப்படமும் மின்சாரமும்

கோவையில் இயந்திரச் சத்தம் பஞ்சாலையோடு தொடங்கியது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில் நகரின் முதல் நூற்பாலை. ஆலைகள் பெருகப் பெருக அவற்றுக்கு உதிரிபாகம் வார்க்கும், கடையும் பட்டறைகளும் பெருகின. 1922இல் நாராயணசாமி நாயுடு தொடங்கிய தண்டாயுதபாணி ஃபவுண்டரி, 1926இல் பி.எஸ்.ஜி. அறநிலையம் தொடங்கிய தொழிற்கூடம் ஆகிய இரண்டும் வார்ப்படத்தையும் கடைசலையும் ஊரின் தொழிலாக்கின. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1930களின் தொடக்கத்தில் மின்சாரம் தரத் தொடங்கியதும், ஆலைகளும் கிணறுகளும் ஒரே கம்பியிலிருந்து சக்தி எடுத்தன. 1937இல் பீளமேட்டில் ஜி.டி. நாயுடுவின் தொழிற்சாலையில் டி. பாலசுந்தரம் நாயுடு உருவாக்கிய மோட்டார், இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படுகிறது.

வார்ப்படம், மின்சாரம், மோட்டார் என்ற இந்த மூன்றும் பின்னாளில் வந்த கம்ப்ரசருக்கு அடித்தளம். கோவைப் பட்டறைகள் கைதேர்ந்தது சாம்பல் வார்ப்பிரும்பில். உடைத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் தெரியும் அந்த இரும்புக்குள் கிராஃபைட் மெல்லிய செதில்களாகப் பரவியிருக்கும். அதிர்வு அந்தச் செதில்களில் உராய்ந்து வெப்பமாகி அடங்கிவிடும். அதே வடிவத்தை எஃகுத் தகட்டை வெல்டு செய்து உருவாக்கினால் தட்டும்போது மணிபோல ஒலிக்கும். வார்ப்பிரும்பைத் தட்டினால் மொத்தென்று நின்றுவிடும். மோட்டார் உடலும் பம்பு உடலும் கம்ப்ரசர் சிலிண்டரும் இந்த இரும்பில் வார்க்கப்பட்டது விலை மலிவுக்காக. அதிர்வு அடங்கியது உடன் கிடைத்த பயன்.

பிஸ்டன் கம்ப்ரசர்

சுதந்திரத்துக்குப் பின் லாரி, பஸ் போக்குவரத்து வளர்ந்தபோது டயருக்குக் காற்றடிக்கவும், வண்டி கழுவவும், பெயின்ட் அடிக்கவும் கம்ப்ரசர் தேவைப்பட்டது. 1960இல் கோவையில் தொடங்கிய எல்ஜி எக்விப்மென்ட்ஸ், வாகனப் பணிமனைக் கருவிகளையும் பிஸ்டன் கம்ப்ரசர்களையும் செய்யத் தொடங்கியது. சிறு பட்டறைகளும் அதே வகையைச் செய்தன. சிலிண்டர், பிஸ்டன், இரண்டு வால்வு, ஒரு புல்லி, ஒரு பெல்ட், காற்றைத் தேக்கும் உருளைத் தொட்டி: இவ்வளவுதான் அமைப்பு. எந்த லேத் பட்டறையும் பழுது பார்த்துவிடும்.

இந்தக் கம்ப்ரசர் தோட்டத்துக்குள் நுழைந்தது கொங்கு நாட்டின் தனிக்கதை. இங்கே மண்ணுக்கடியில் இருப்பது கடினப் பாறை. கவலை கட்டி மாடு பூட்டி இறைத்த கிணறுகள் முதலில் ஆயில் என்ஜினுக்கும் பிறகு மின்மோட்டாருக்கும் மாறின. நீர் இன்னும் கீழே போனதும் கிணற்றுக்குள்ளேயும் தோட்டத்து வெளியிலும் போர் போட்டார்கள். மேலே வைத்த பம்பு ஏறக்குறைய 25 அடிக்குக் கீழிருந்து நீரை உறிஞ்ச முடியாது. காற்றுமண்டல அழுத்தம் அவ்வளவுதான் தூக்கித் தரும். ஆறு அங்குலத் துளைக்குள் அக்காலத்து மோட்டாரும் இறங்காது. அந்த இடைவெளியை நிரப்பியது ‘கம்ப்ரசர் மோட்டார்’ என்று உழவர்கள் அழைத்த ஏற்பாடு.

அதன் அமைப்பு எளியது. துளைக்குள் இரண்டு குழாய் இறங்கும். மெல்லிய குழாயில் காற்று கீழே போகும். அடியில் அது பெரிய குழாய்க்குள் குமிழ்குமிழாகப் புகும். காற்று கலந்த நீர் எடை குறைவு. வெளியே நிற்கும் நீரின் எடை அதை மேலே தள்ளும். மேலே வந்த நீர் ஒரே சீராக விழாது. ஒரு வீச்சு நீர், ஒரு வீச்சு காற்று என்று இருமி இருமித் தொட்டியில் கொட்டும். போருக்குப் பக்கத்து மோட்டார் ரூமில் ‘வி’ வடிவில் நிற்கும் இரண்டு சிலிண்டர்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருக்கும். மின்சாரம் இரவில் வந்தால் தோட்டத்துச் சாளையில் படுத்திருப்பவர்களுக்கு இரவு முழுக்க அந்தச் சத்தம்தான்.

அந்தச் சத்தம் ஏன் தொலைவு போகிறது என்பதற்குக் கணக்கு உண்டு. ஒற்றைக் கட்டத்தில் அழுத்தும் இரண்டு சிலிண்டர்கள் நிமிடத்துக்கு 900 சுற்று ஓடினால், காற்றை இழுக்கும் துடிப்பு நொடிக்கு 30. காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்வதால் இந்தத் துடிப்பின் அலைநீளம் 11 மீட்டருக்கும் மேல். இவ்வளவு நீண்ட அலையை ஓலைக் கொட்டகையோ ஓட்டுக் கூரையோ ஹாலோ பிளாக் சுவரோ தடுக்காது. அலை அவற்றைச் சுற்றிக்கொண்டும் ஊடுருவியும் போய்விடும். பெல்ட்டின் கிறீச்சும் வால்வுத் தகட்டின் படபடப்பும் கதவைச் சாத்தினால் குறையும். அடித்தொனி மட்டும் காடு தாண்டிக் கேட்கும்.

அன்றைய பரிகாரங்கள் பட்டறை அனுபவத்தில் விளைந்தவை. காற்று நுழையும் வாயில் வடிகட்டியோடு சிறு அறை ஒன்று சேர்த்தார்கள். குறுகிய குழாய் திடீரென்று அகன்ற அறையில் திறந்தால் ஒலியலையின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். வாகனச் சைலன்சர் இயங்குவதும் இப்படித்தான். கம்ப்ரசருக்குக் கனமான கான்கிரீட் மேடை போட்டு, போல்ட்டுக்கு அடியில் ரப்பர் அல்லது பழைய டயர் துண்டு வைத்தார்கள். வெளியேறும் குழாயில் ஒரு பகுதியை ரப்பர் ஹோஸாக மாற்றி, அதிர்வு இரும்புக் குழாய்க்கு ஏறாமல் தடுத்தார்கள்.

பழுது கண்டுபிடிக்கச் சத்தமே கருவி. மெக்கானிக் நீளமான திருப்புளியின் முனையைப் பேரிங் மூடியில் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். பேரிங் நல்ல நிலையில் இருந்தால் தொடர்ந்த மெல்லிய ஓட்டம் கேட்கும். குண்டு தேய்ந்திருந்தால் கரகரப்பு. திருப்புளியைச் சிலிண்டர் தலைக்கு மாற்றினால் வால்வு உட்காரும் ஒலி தெரியும். இரண்டு சிலிண்டரில் ஒன்று மட்டும் வேறு மாதிரி தட்டினால் அதன் வால்வுத் தகடு உடைந்திருக்கும் அல்லது கரி பிடித்திருக்கும். கனெக்டிங் ராடின் புஷ் தேய்ந்தால் சுற்றுக்கு ஒரு ‘டொக்’. இப்படிக் கேட்டுக் கேட்டுத் தொழில் பழகியவர்களுக்குச் சத்தம் என்பது இடைவெளி அதிகமாகிவிட்டதன் அறிகுறி. பொருத்தம் சரியானால் சத்தம் குறையும் என்ற பாடம் பின்னால் வந்த எல்லா வகைக் கம்ப்ரசருக்கும் பொருந்தியது.

நீருக்குள் இறங்கிய மோட்டார்

காற்றால் நீரேற்றும் முறை திறன் குறைந்தது. செலவாகும் சக்தியில் மூன்றில் ஒரு பங்குகூட நீரைத் தூக்கும் வேலைக்குப் போவதில்லை. மின்கட்டணம் கொங்கு உழவர்களுக்குப் பெரும் பிரச்சினையாக இருந்த காலம் உண்டு. 1970இல் கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை மாவட்டத்தில் வெடித்த போராட்டம் தமிழக விவசாயிகள் இயக்கத்தின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 1990இல் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசமானதும் கட்டணம் என்ற காரணம் மறைந்தது. ஆனாலும் கம்ப்ரசர் மோட்டார் பின்வாங்கியது. காரணம் நீர்மட்டம். இந்த முறை வேலை செய்ய, துளைக்குள் இறங்கும் குழாயில் பாதிக்கு மேல் நீரில் மூழ்கி இருக்க வேண்டும். போர் 500, 800, 1000 அடி என்று ஆழம் போய், நீர் அடியில் கொஞ்சம் மட்டும் நின்றபோது குமிழுக்குத் தள்ள நீர் இல்லை.

அந்த இடத்தைச் சப்மெர்சிபிள் பிடித்தது. துளைக்குள் நுழையும் அளவுக்கு ஒல்லியான மோட்டார், அதன் மேல் அடுக்கடுக்காகப் பம்பு. கோவைத் தொழிற்சாலைகள் பெருமளவில் செய்தது மோட்டாருக்குள்ளேயே நீரை நிரப்பும் வகை. சுருளில் பிளாஸ்டிக் உறையிட்ட கம்பியைச் சுற்றி, நீரையே குளிர்விக்கவும் பேரிங்கை மசகிடவும் பயன்படுத்தினார்கள். இயந்திரம் நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், நீருக்கும் பாறைக்கும் நடுவே ஓடுவதால் மேலே கேட்பது குழாயில் நீர் ஏறும் ஒலி மட்டும். மோட்டார் ரூமில் மிஞ்சியது ஸ்டார்ட்டர் பெட்டியின் ‘டக்’ என்ற சத்தம். சத்தத்தைக் குறைக்க யாரும் கேட்கவில்லை. நீர் கீழே போனதால் இயந்திரமும் கீழே போனது, அதோடு சத்தமும் போனது.

சீல்டு யூனிட்

குளிர்பதனக் கம்ப்ரசரின் கதை வேறு பாதையில் வந்தது. பனிக்கட்டித் தொழிற்சாலைகளிலும் பெரிய குளிர்கிடங்குகளிலும் பயன்பட்டது அமோனியா. அது செம்பை அரித்துவிடும். மோட்டாரின் சுருளோ செம்பு. எனவே மோட்டாரைக் கம்ப்ரசரோடு ஒரே கூட்டுக்குள் வைக்க முடியாது. மோட்டார் வெளியே நிற்கும், பெல்ட்டோ கப்ளிங்கோ தண்டைச் சுழற்றும், தண்டு நுழையும் இடத்தில் சீல் இருக்கும். சீல் கசியும், பெல்ட் அடிக்கும், கம்ப்ரசர் முழுவதும் திறந்த அறையில் நிற்கும். தொழிற்சாலைக்கு இது பெரிய குறை அல்ல. வீட்டுக்கு ஆகாது.

வீட்டு ஃப்ரிட்ஜ் பரவ, செம்போடு ஒத்துப்போகும் வாயு தேவைப்பட்டது. 1927இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கொண்டுவந்த ‘மானிட்டர் டாப்’ ஃப்ரிட்ஜில், சல்ஃபர் டையாக்சைடு வாயுவோடு மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே எஃகுக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் ஃப்ரியான் வாயு வந்தது. நச்சில்லாத, எரியாத, செம்பைத் தொடாத அந்த வாயு மூடிய கம்ப்ரசரை உலகெங்கும் பொதுவாக்கியது. இதற்கிடையே ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922இல் கண்டுபிடித்த முறையில் கம்ப்ரசரே இல்லை; விளக்குச் சுடரின் வெப்பத்தாலேயே குளிரூட்டும் அந்த ஃப்ரிட்ஜ் சத்தமே போடாது. மண்ணெண்ணெயில் ஓடியதால் மின்சாரம் எட்டாத ஊர்களில் தடுப்பூசி மருந்தைக் காக்க இந்தியாவிலும் அது நெடுநாள் பயன்பட்டது. மின்சாரம் வந்த வீட்டில் அதிகத் திறனுள்ள கம்ப்ரசரே வென்றது.

இந்தியாவில் கோத்ரெஜ் 1958இல் ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கியது. கொங்குச் சிற்றூர்களில் அது பரவ இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. மெக்கானிக்குகள் ‘சீல்டு யூனிட்’ என்று சொன்ன அந்தக் கறுப்புக் கூட்டைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்புப் பட்டறைகளுக்கு நிறையவே கிடைத்தது. மின்னழுத்தம் ஏறி இறங்கிச் சுருள் எரிந்துபோகும். புதிய யூனிட் விலை அதிகம். எனவே பழையதை லேத்தில் பிடித்து வெல்டிங் தையலைச் சீவி, கூட்டை இரண்டாக்கி, மோட்டாருக்கு மறுபடி வைண்டிங் செய்து, மறுபடி வெல்டு வைப்பார்கள்.

கூட்டைத் திறந்தால் சத்தத்தை அடக்கும் ஏற்பாடு முழுதும் தெரியும். மோட்டாரும் பம்பும் சேர்ந்த பாகம் கூட்டில் நேரடியாக உட்காராமல் மூன்று அல்லது நான்கு ஸ்பிரிங்குகளின் மேல் நிற்கும் அல்லது அவற்றில் தொங்கும். பம்பிலிருந்து வெளிக்குழாய்க்குப் போகும் மெல்லிய எஃகுக் குழாய் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து சுற்றிவரும். அந்தச் சுருள் துடிப்பைக் கூட்டுக்குக் கடத்தாமல் தானே நெளிந்து வாங்கிக்கொள்ளும். வாயு நுழையும் வழியில் ஒரு சிறு மஃப்ளர், வெளியேறும் வழியில் வார்ப்பிலேயே குடைந்த இரண்டு சிறு அறைகள். அடியில் எண்ணெய். அது மசகிடுவதோடு, நுரைத்துக் கூட்டுக்குள் அலையும் ஒலியில் ஒரு பங்கையும் விழுங்கும். வெளியே, கூட்டின் கால்களுக்கு ரப்பர் புஷ்.

மறுபடி மூடும்போது இவற்றில் ஒன்று பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எஃகுச் சுருள் கூட்டின் உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஓடும்போது கணகணவென்று ஒரு நடுக்கம். ஸ்பிரிங் இடம் மாறினால் நிற்கும்போது உள்பாகம் ஊசலாடிக் கூட்டில் இடிக்கும். ரப்பர் புஷ்ஷுக்குப் பதில் போல்ட்டை இறுக்கி முடுக்கிவிட்டால் ஃப்ரிட்ஜின் தகடு முழுவதும் சேர்ந்து பாடும். வாடிக்கையாளர் குளிர் போதவில்லை என்று திரும்பி வருவதைவிடச் சத்தம் என்று திரும்பி வருவதே மெக்கானிக்குக்குத் தலைவலி.

தொழிற்சாலை வடிவமைப்பிலும் மாற்றங்கள் வந்தன. பழைய யூனிட்டுகளில் உறிஞ்சு மஃப்ளர் எஃகு. கூட்டுக்குள் உள்ள சூடு அதன் வழியே வாயுவுக்கு ஏறி, வாயு விரிந்து, ஒவ்வொரு வீச்சிலும் பம்பு இழுக்கும் அளவு குறையும். வெப்பத்தைக் கடத்தாத பிளாஸ்டிக் மஃப்ளர் வந்தபோது மின்சாரமும் மிச்சம், விரும்பிய வடிவில் அறைகளை வார்க்க முடிந்ததால் சத்தமும் குறைவு. தட்டையான பக்கங்கள் கொண்ட கூடு தம்பட்டத் தோல்போல அதிரும். எல்லாப் பக்கமும் வளைந்த முட்டை வடிவக் கூடு விறைப்பானது, ஒலியைக் குறைவாக வெளிவிடும். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி பழைய ஃப்ரியானான ஆர்-12 வாயு கைவிடப்பட்டு, ஆர்-134ஏ, ஆர்-600ஏ ஆகியவை வந்தன. ஐசோபியூட்டேன் என்ற ஆர்-600ஏ குறைந்த அழுத்தத்திலேயே வேலை செய்வதால் வால்வின் அடியும் துடிப்பும் மென்மையாயின.

பஞ்சாலையும் ஸ்க்ரூ கம்ப்ரசரும்

நூற்பாலைக்குக் காற்று அதிகம் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. கூம்பு சுற்றும் பிரிவில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டு இணைத்தார்கள். தானியங்கிக் கூம்பு சுற்றும் இயந்திரங்கள் வந்து, முடிச்சுக்குப் பதில் இரு முனைகளையும் காற்றுப் பீச்சலில் பின்னி இணைக்கும் ‘ஸ்ப்ளைசிங்’ பரவியதும் ஆலை முழுவதும் காற்றுக் குழாய் ஓடியது. திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரங்களுக்கு ஊசியில் எண்ணெய் தெளிக்கவும் பஞ்சுத் தூசியை ஊதவும் காற்று வேண்டும். ஏர்ஜெட் தறியில் ஊடையைக் கொண்டுசெல்வதே காற்றுதான். இரவும் பகலும் நிற்காமல் ஓடும் ஆலைக்கு, பிஸ்டன் கம்ப்ரசரின் வால்வும் வளையமும் அடிக்கடி மாற்றவேண்டிய செலவாகின.

மாற்று ஸ்க்ரூ கம்ப்ரசர். ஒன்றோடொன்று பிணைந்து சுழலும் இரண்டு திருகு வடிவத் தண்டுகளுக்கு நடுவே காற்று நசுங்கும். இந்த எண்ணத்துக்கு 1878இலேயே ஜெர்மனியில் ஹைன்ரிக் கிரிகர் காப்புரிமை பெற்றார். ஆனால் அன்றைய பட்டறைகளால் அந்த வடிவத்தைக் கடைய முடியவில்லை. 1930களில் ஸ்வீடனின் ஆல்ஃப் லிஷோம் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். 1950களில் எண்ணெய் பீச்சும் முறை வந்தபின் தொழிற்சாலைக்கு ஏற்றதாயிற்று. எண்ணெய் இடைவெளியை அடைக்கும், சூட்டை வாங்கும், தண்டுகள் ஒன்றையொன்று மோதாமல் மெத்தையாக நிற்கும்.

சத்தத்தில் இதனால் வந்த மாற்றம் அளவில் மட்டும் அல்ல, தன்மையிலும்தான். நான்கு மடல் கொண்ட தண்டு நிமிடத்துக்கு 2,950 சுற்று சுழன்றால் நொடிக்கு ஏறக்குறைய 197 துடிப்பு. அதன் மடங்குகள் இன்னும் உயரே. இந்த உயர்ந்த தொனியைச் சில அங்குலப் பஞ்சுப்பலகையோ கண்ணாடி இழையோ உறிஞ்சிவிடும். பிஸ்டனின் அடித்தொனிக்கு அந்த வைத்தியம் பலிக்காது. எனவே ஸ்க்ரூ கம்ப்ரசரைத் தகட்டுப் பெட்டிக்குள் அடைத்து, உள்சுவரில் நுரைப் பலகை ஒட்டி, காற்று போகும் வழியை வளைத்துவிட்டால் போதும். திறந்து நிற்கும் பிஸ்டன் கம்ப்ரசர் 85 முதல் 95 டெசிபல் வரை போடும் இடத்தில், பெட்டியிட்ட ஸ்க்ரூ கம்ப்ரசர் 65 முதல் 75க்குள் நிற்கும். தனி அறை தேவையில்லாமல் இயந்திரங்களுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். குழாய் நீளம் குறையும், அழுத்த இழப்பும் குறையும்.

திருகுத் தண்டைச் செய்வதற்கு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அளவுக்குப் பிழையில்லாமல் கடைய வேண்டும். இடைவெளி கூடினால் காற்று கசியும், குறைந்தால் தண்டுகள் உரசும், வடிவம் பிசகினால் ஊளையிடும். நூற்பு இயந்திரப் பாகங்களை நுணுக்கமாகக் கடைந்து பழகிய ஊரில் அதற்கான கைகள் இருந்தன. 1962இல் தொடங்கிய லட்சுமி மெஷின் வொர்க்ஸும் அதைச் சுற்றி வளர்ந்த துணைப் பட்டறைகளும் அந்தப் பழக்கத்தை வளர்த்தவை. எல்ஜி நிறுவனம் திருகுத் தண்டின் வடிவத்தைத் தானே வகுத்து, தண்டைத் தானே கடையும் நிலைக்கு வந்தது. 2019இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் பரிசையும் பெற்றது.

ஆலைகளில் இன்னொரு சத்தம் பணமாக எண்ணப்பட்டது. குழாய் இணைப்பிலும் ஹோஸ் முனையிலும் கசியும் காற்றின் ‘உஸ்’ சத்தம் அது. பராமரிப்பு இல்லாத ஆலையில் கம்ப்ரசர் தரும் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இப்படிப் போய்விடும். ஆலை விடுமுறை நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டிவிட்டு, குழாய் வழியே நடந்து காதால் கசிவைத் தேடுவது பழைய முறை; காதுக்கு எட்டாத மீயொலியைப் பிடிக்கும் கருவி பின்னால் வந்தது. 1956இல் கோவையில் நிறுவப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமான சிட்ரா, ஆலைகளில் செய்துவரும் மின்சிக்கன ஆய்வுகளில் காற்றும் ஒரு தலைப்பு. அழுத்தத்தை ஒரு பார் குறைத்தால் கம்ப்ரசரின் மின்சாரத்தில் சுமார் 6 முதல் 7 விழுக்காடு மிச்சமாகும் என்பது பொதுக் கணக்கு. கசிவை அடைத்து அழுத்தத்தைக் குறைத்த ஆலையில் சத்தமும் தானே குறைந்தது.

ஸ்க்ரோலும் இன்வெர்ட்டரும்

குளிர்பதனத்தில் அடுத்த பெரிய அடி ஸ்க்ரோல் கம்ப்ரசர். சுருள் வடிவச் சுவர்கள் இரண்டு. ஒன்று அசையாது, மற்றொன்று சுழலாமல் சிறு வட்டத்தில் நகரும். வாயு விளிம்பில் நுழைந்து நடுவை நோக்கி இடைவிடாமல் நசுங்கிக்கொண்டே போகும். உறிஞ்சு வால்வு இல்லை, முன்னும் பின்னும் போய்வரும் பிஸ்டன் இல்லை. பிரான்ஸின் லியோன் க்ரூ 1905இலேயே இதற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தும், அந்த வளைவைத் துல்லியமாகக் குடையும் கணினி இயந்திரங்கள் வரும்வரை எட்டுப் பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஏர்கண்டிஷனர்களில் வந்து, பின்னர் இந்தியாவில் கட்டடங்களுக்கான குளிர்சாதனங்களிலும் ஊர்தோறும் கூட்டுறவுச் சங்கங்கள் வைத்த பால் குளிர்விப்புத் தொட்டிகளிலும் இடம்பிடித்தது.

வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் இதற்கு இணையான மாற்றம். பழைய கம்ப்ரசர் ஓடும் அல்லது நிற்கும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஒரு குலுக்கல். வேகம் மாறும் கம்ப்ரசர் தேவை குறைந்தபோது மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும். துடிப்பும் விசிறியும் சேர்ந்து மெலியும். இந்தியாவில் 2006இல் தொடங்கிய நட்சத்திரக் குறியீடு மின்சாரச் சிக்கனத்தை விற்பனைப் பொருளாக்கியதால் இன்வெர்ட்டர் பரவியது. வாங்கியவர் கணக்குப் பார்த்தது மின்கட்டணத்தை. படுக்கையறைக்குக் கிடைத்தது அமைதி. மாறும் வேகத்தில் ஒரு சிக்கலும் உண்டு. ஒரே வேகத்தில் ஓடும் இயந்திரத்தின் ஸ்பிரிங்கையும் குழாயையும் அந்த ஒரு வேகத்தில் ஒத்ததிர்வு வராதபடி அமைத்துவிடலாம். பல வேகத்தில் ஓடினால் ஏதோ ஒரு வேகம் ஏதோ ஒரு குழாயின் இயல்பதிர்வோடு பொருந்திவிடும். அந்த வேகங்களில் நிற்காமல் தாண்டிப்போகும்படி கட்டுப்பாட்டு நிரலில் எழுதிவிடுகிறார்கள்.

அடங்காத இடம்

இவ்வளவுக்கும் வெளியே நின்றது போர் போடும் ரிக் வண்டி. நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோடு நாட்டின் ஆழ்துளைத் தொழிலுக்குத் தலைநகர் போன்றது. அங்கிருந்து புறப்பட்ட வண்டிகள் இந்தியா முழுவதும் போர் போடுகின்றன. லாரியின் மேல் டீசல் என்ஜின், அதனோடு பெரிய ஸ்க்ரூ கம்ப்ரசர். சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அளவு அழுத்தத்தில் காற்று ராடு வழியே கீழே போய், நுனியில் உள்ள சுத்தியலை இயக்கிப் பாறையை நொறுக்கும். நொறுங்கிய தூளையும் அதே காற்று மேலே ஊதித் தள்ளும். முதல் சில பத்து அடிகளில் சுத்தியலின் அடியே காதைப் பிளக்கும். துளை ஆழம் போகப் போகப் பாறை அந்த அடியை விழுங்கிக்கொள்ளும். என்ஜினும் அதன் விசிறியும் துளைவாயிலிருந்து சீறி வரும் காற்றும் மிஞ்சும். பக்கத்தில் நிற்பவருக்கு அது 100 டெசிபலைத் தாண்டும்.

ரிக்கில் சத்தத்தைக் குறைத்தால் டீசல் மிச்சமாவதில்லை. பெட்டியிட்டால் எடை கூடும், என்ஜின் சூடாகும். ஒரு ஊரில் ஓரிரு நாள் நின்று போகும் வண்டி என்பதால் அக்கம்பக்கத்தின் எதிர்ப்பும் வலுப்பதில்லை. பாதிப்பு முழுவதும் ராடு மாற்றும் தொழிலாளர்களின் காதுக்கு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, சத்தத்தால் வரும் செவித்திறன் இழப்பைத் தெரிவிக்கப்பட வேண்டிய தொழில்நோயாகக் குறித்தது. ஆனால் அந்தச் சட்டம் தொழிற்சாலை வளாகத்துக்கானதாக இருந்தது. ஊர் ஊராய் நகரும் வண்டிக்கு அது எளிதில் எட்டவில்லை.

சட்டம் நேரடியாகப் பலன் தந்த இடமும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டன. டீசல் ஜெனரேட்டர்களுக்கு வந்த தனி விதி, ஒரு மீட்டர் தொலைவில் 75 டெசிபலுக்கு மேல் போகாத பெட்டியோடுதான் 1,000 கே.வி.ஏ. வரையிலான புதிய ஜெனரேட்டரை விற்கலாம் என்றாக்கியது. 2010களின் தொடக்கத்தில் கோவையின் தொழிற்பேட்டைகளும் கடைவீதிகளும் நீண்ட மின்வெட்டில் ஜெனரேட்டரை நம்பி ஓடியபோது அந்த விதியின் பயன் தெரிந்தது. விற்பவர்மேல் பொறுப்பைச் சுமத்திய விதி அது. இயந்திரம் பெட்டியோடுதான் கடைக்கு வந்தது. கம்ப்ரசரின் சத்தத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 2151 என்ற உலகத் தரமுறை வந்ததிலிருந்து, விற்பனை ஏட்டில் குதிரைத்திறனுக்கும் காற்றளவுக்கும் பக்கத்தில் டெசிபலை ஒரே முறையில் அளந்து அச்சிடுவதும் ஒப்பிட்டு வாங்குவதும் எளிதாயின.

இன்று வீட்டு ஏர்கண்டிஷனரின் வெளி யூனிட்டில் கம்ப்ரசரைவிட விசிறியே கூடுதலாகக் கேட்கும் நிலை வந்துவிட்டது. எஞ்சியிருக்கும் குறை பெரும்பாலும் பொருத்தும் இடத்தில் வருகிறது. மெல்லிய சுவரில் இரும்புத் தாங்கியை நேராக அடித்து, ரப்பர் வைக்காமல் யூனிட்டை நிறுத்தினால், தொழிற்சாலையில் அடக்கிய அடித்தொனி சுவர் வழியே அடுத்த வீட்டுப் படுக்கையறைக்குப் போய்ச் சேரும். தாங்கிக்கு அடியில் ரப்பர், செம்புக் குழாயில் ஒரு தளர்ந்த வளைவு, சுவரைத் தொடாத குழாய்ப் பிடிப்பு ஆகியவை அதற்குப் போதும். தோட்டத்து மோட்டார் ரூமில் போல்ட்டுக்கு அடியில் டயர் துண்டு வைத்தவர்கள் செய்ததும் இதே வேலைதான்.